எலிக்குக் குணமானது, அப்புறம்?

மார்ஃபான் நோயைப் பற்றி இணையத்தில் திரும்பத் திரும்ப ஒரே கதைதான் வருகிறது. 1991-ல் எஃப்பிஎன்1 மரபணுவில் பிழையைக் கண்டுபிடித்தார்கள், 2006-ல் எலிகளைக் காப்பாற்றினார்கள், லோசார்டான் என்ற சாதாரண பிரஷர் மாத்திரையே போதும். சுபம். போன மாதம் ஒரு அம்மா இதைப் படித்துவிட்டு எனக்கு எழுதியிருந்தார்: "பையன் சாப்பிடற அட்டெனோலாலை நிறுத்திட்டு இதுக்கு மாத்திடலாமா சார்?" நான் டாக்டர் இல்லைம்மா, கேட்காமல் எதையும் நிறுத்தாதீங்க என்று பதில் போட்டேன். அந்தக் கட்டுரைகள் மேல் வந்த எரிச்சல் மட்டும் போகவில்லை.

கதையின் முதல் பாதி அருமையானது, மறுக்கவில்லை. ஃபைப்ரில்லின்-1 புரதம் இணைப்புத் திசுவுக்கு நூல் மாதிரி. அதற்கான மரபணுவில் பிழை இருந்தால் நூல் நைந்துபோகும். கண் லென்ஸ் நழுவும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி அடியில் விரிந்துகொண்டே போய் ஒருநாள் கிழியலாம். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதுதான். சரி, வெறும் நைந்த நூல் என்றால் கைகால் எலும்புகள் ஏன் அளவுக்கு மீறி நீளணும்? ஃபைப்ரில்லின், டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைக் கட்டிவைக்கும் கயிறும்கூட என்று ஹால் டீட்ஸ் குழுவினர் காட்டினார்கள். கயிறு அறுந்தால் சமிக்ஞை எகிறும். லோசார்டான் அதை அடக்கும் என்பது கணக்கு. தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். நோயுள்ள எலிகளின் பெருந்தமனி, நோயில்லாத எலிகளுடையதைப் போலவே இருந்தது.

கட்டுரைகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. 2014-ல் 608 குழந்தைகள், இளைஞர்களிடம் மூன்று வருஷம் நடத்திய சோதனையில் லோசார்டானுக்கும் அட்டெனோலாலுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. உடனே எதிர்க்கோஷ்டி கிளம்பியது: எலி மருந்து புஸ்வாணம்! அதுவும் தப்பு. அந்தச் சோதனையில் போலி மாத்திரை சாப்பிட்ட குழு கிடையாது. அட்டெனோலாலையும் வழக்கத்தைவிட அதிக அளவில் கொடுத்தார்கள். உடல் அளவோடு ஒப்பிட்டால் இரண்டு குழுவிலுமே விரிவு குறைந்திருந்தது. "வித்தியாசம் இல்லை" என்பதை "வேலை செய்யவில்லை" என்று படித்தால் எப்படி?

2022-ல் பல சோதனைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். லோசார்டான் வகை மருந்துகள் பெருந்தமனி விரியும் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கின, ஏற்கெனவே அட்டெனோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும். ஆக, அந்த அம்மாவின் கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில், அதை விட்டு இதற்குப் போவது பற்றியதே இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பற்றியது. டிஜிஎஃப்-பீட்டா விளக்கமும் இன்று அவ்வளவு நேர்கோடாக இல்லை. குட்டி எலிகளில் அதைச் சீக்கிரமே தடுத்தபோது நிலைமை மோசமானது. எந்தக் கட்டுரையிலாவது இதைப் பார்த்தீர்களா?

அம்மாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், டாக்டரிடம் காட்டச் சொல்லி. அடுத்த எக்கோ ஆவணியிலாம்.