மிச்சம் வைத்த பாதி

தண்ணீருக்குப் போர் போடுவதைப் பார்த்திருப்போம். பாறை மாவாகி, வெள்ளைச் சேறாகத் தெருவெல்லாம் வழியும். கனிமம் தேடுகிறவர்கள் போடும் துளை வேறு ரகம். அங்கே துளைமுனை ஒரு வளையம்; விளிம்பில் வைரத் துகள்கள் பதித்திருக்கும். வளையம் சுற்றி அறுத்துக்கொண்டே இறங்க, நடுவில் அறுபடாமல் நிற்கும் பாறை குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். வாழைத்தண்டு போல உருண்டு திரண்டு வெளியே வரும் அந்தக் கல்லைக் கோர் என்பார்கள். பரவலாகப் புழங்கும் என்.க்யூ. அளவில் அதன் விட்டம் 47.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் நீளம் ஐந்து கிலோவை நெருங்கும்.

கல்லை எடுப்பது இயந்திரத்தின் சாமர்த்தியம். எனக்கு அதைவிட, எடுத்ததைப் பெட்டியில் அடுக்கும் கைவேலைமீதுதான் காதல்.

பெட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உள்ளே வாய்க்கால்கள் போலத் தடுப்புகள். புத்தகம் படிக்கிற மாதிரி இடது மேல் மூலையில் தொடங்கி, வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போக வேண்டும். குழாய் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஆழத்தை எழுதிய ஒரு கட்டையைச் செருகுவார்கள். பாறை நொறுங்கி வராமலே போன இடத்துக்கும் ஒரு கட்டை உண்டு: இத்தனை சென்டிமீட்டர் கிடைக்கவில்லை என்று. வரிக்குள் அடங்காத துண்டைச் சுத்தியலால் தட்டி உடைத்தால், அந்த உடைவில் பெருக்கல் குறி போட வேண்டும். இல்லாவிட்டால் பூமியே அங்கே விரிசல் விட்டிருந்ததாகப் பின்னால் வருகிறவர் கணக்கெழுதிவிடுவார்.

கோர் பெட்டிகளை வைக்கும் ஷெட் ஒன்றில் உதவியாளராக இருந்த பெரியவர் ஒருவரை மறக்க முடியாது. நான் வைத்த துண்டைக் கையிலெடுத்தார். “தலைகீழா வச்சிருக்கீங்க, சார்.” திருப்பி வைத்து லேசாக உருட்டினார். உடைந்த வாய்கள் பல்லும் பல்லுமாகப் பூட்டிக்கொண்டன. ஒரு கையளவு துண்டு திரும்பியிருந்தால் அதிலுள்ள மடிப்பும் சாய்வும் பொய் சொல்லும். அவர் நிலவியல் படித்தவரல்லர், விரலால் பார்க்கிறவர். அடுத்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். சாம்பலாய்க் கிடந்த கல்லில் கார்னெட் சிவந்தது, செம்புத்தாது மஞ்சளாக மின்னியது. உலர்ந்தபடி ஒன்று, நனைத்து ஒன்று எனப் பெட்டிக்கு இரண்டு படம் எடுப்பது இதனால்தான்.

பிறகு வாள். கனிம நரம்பு இரு பக்கமும் சமமாகப் பிரியும்படி கோடு கிழித்து நீளவாக்கில் அறுப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்கு. மறு பாதி பெட்டிக்கே திரும்பும். இந்த மறு பாதியில்தான் தொழிலின் மானம் இருக்கிறது. 1990களின் நடுவில், போர்னியோவின் புசாங் காட்டில் மலைமலையாய்த் தங்கம் இருப்பதாகக் கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. அங்கே கோரைப் பாதியாக அறுக்கவில்லை. ஏறக்குறைய முழுவதையும் அரைத்து அனுப்பினார்கள். சாட்சிக்குச் சிறு துண்டுகளே மிஞ்சின. 1997இல் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது தங்கத்தைக் காணோம். அரைத்த மாதிரிகளில் வெளித்தங்கம் கலந்திருந்த குட்டு அந்த ஆண்டே உடைந்தது. பெட்டிகளில் பாதி கிடந்திருந்தால் எவரோ ஒருவர் முன்பே ஒரு துண்டை எடுத்துச் சோதித்திருப்பார்.

அடுக்கிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பைரைட் உள்ள கல் ஈரக் காற்றில் மெல்ல உதிரும்; அதிலிருந்து கசியும் கந்தக அமிலம் தகரப் பெட்டியையே தின்னும். மரப்பெட்டி என்றால் கரையான். மை வெயிலில் வெளுத்துவிடும், அதனால் அலுமினியத் தகட்டில் பெட்டியின் எண்ணை அழுத்திப் பதித்து அறைவார்கள். களிமண் பாறை காய்ந்தால் வெடிக்கும். பொட்டாஷ் உப்புத் தண்டுக்குச் சாதாரணத் தண்ணீரே எமன். துளையிடும்போதே கரைக்காத திரவம் வேண்டும், பிறகு பிளாஸ்டிக் உறை. ஆழத்திலிருந்து வரும் கல்லின் கதை இன்னும் விசித்திரம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டது. அத்தனை ஆழத்து அழுத்தம் சட்டென விலகும்போது, கோர் தானாகவே வாழைக்காய்ச் சீவல் போல வில்லை வில்லையாகப் பிளந்துவிடும். சீவலையும் வரிசை மாறாமல் அடுக்கத்தான் வேண்டும்.

பழைய பெட்டிகளைத் தேடிப் பல ஆண்டு கழித்தும் ஆள் வருவார்கள். ஒரு காலத்தில் செம்புக்காகப் போட்ட துளையில் இன்று கோபால்ட் பார்க்க வேண்டியிருக்கும். மிஞ்சிய அரையை அறுத்துக் காலாக்குவார்கள். அடுத்தவர் வந்து அரைக்காலாக்குவார். வெற்றுப் பாறை தடித்த பாதியாக வரிவரியாய்க் கிடக்கும். தாது செறிந்த இடத்துக்கு வந்தால் மட்டும் வாய்க்காலில் விரல் தடிமனில் ஒரு சீவல் இருக்கும், அல்லது அதுவும் இல்லாமல், யார் எடுத்தது, எந்தத் தேதியில் என்று எழுதிய கட்டை ஒன்று.