துறைமுகத்தை விற்றால் கடன் தீருமா?

"அரசுப் போக்குவரத்துக்குக் கடன் ஏறிப்போச்சு, சும்மா கிடக்கிற துறைமுகத்தை வித்துட்டா சரியாயிடும்." இந்த யோசனை உலகத்தில் எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு நிதியமைச்சர் வாயிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வீட்டுக்கடன் கழுத்தை நெரித்தால் நாமும் ஊரில் இருக்கும் மனையைத்தானே விற்போம்? ஆனால் நம் பக்கத்தில் நடந்த விற்பனைகளின் கணக்கை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், இந்த ஒப்புமை நிற்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் ஒரு சின்ன கணக்கு. ஒரு சொத்தின் விலை 1,000 கோடி, அது வருடம் 60 கோடி லாபம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரசின் கடனுக்கு 8 சதவீத வட்டி. விற்று 1,000 கோடி கடனை அடைத்தால் 80 கோடி வட்டி மிச்சம், 60 கோடி வருமானம் போச்சு. நிகரமாக 20 கோடி லாபம். அதே சொத்து 100 கோடி சம்பாதித்தால் 20 கோடி நஷ்டம். ஆக, விற்பதே பாவம் என்று சொல்வதிலும் அர்த்தமில்லை, விற்றால் எல்லாம் சரியாகும் என்பதிலும் அர்த்தமில்லை. மூன்று கேள்விகள்தான். யார் வாங்குகிறார்கள்? வந்த பணம் எங்கே போகிறது? நின்றுபோகும் வருமானம் எவ்வளவு?

முதல் கேள்விக்கு எண்ணூர் நல்ல உதாரணம். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் எண்ணூர் துறைமுகம் கட்டப்பட்டது. 2001-ல் திறந்தார்கள். பெருந்துறைமுகங்களில் கம்பெனியாகவே அமைக்கப்பட்ட முதல் துறைமுகம் இதுதான். 2014-ல் காமராஜர் துறைமுகம் ஆனது. இதில் மத்திய அரசு வைத்திருந்த 66.67 சதவீதப் பங்கு 2020 மார்ச்சில் 2,383 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. வாங்கியது யார்? ஏற்கெனவே மீதி 33.33 சதவீதத்தை வைத்திருந்த சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம். அதுவும் மத்திய அரசுடையதுதான்!

இதிலே இன்னொரு வேடிக்கை. தூசு மாசு காரணமாக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாள்வதை நிறுத்தியது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. அதாவது தன் வருமானத்தில் பெரும் பகுதியை எண்ணூரிடம் இழந்த துறைமுகத்திடமிருந்தே எண்ணூருக்கான விலையையும் வசூலித்தார்கள். இரண்டு துறைமுகங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருவதில் நன்மை இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 2,383 கோடி கைமாற வேண்டிய அவசியமில்லையே.

அதே மார்ச்சில் டிஎச்டிசி, நீப்கோ என்ற இரண்டு மின் நிறுவனங்களை என்டிபிசி 11,500 கோடிக்கு வாங்கியது. துறைமுகத்தையும் சேர்த்தால் 13,883 கோடி. 2019-20-ல் பங்கு விற்பனையில் வந்த மொத்தமே சுமார் 50,000 கோடி. கால் பங்குக்கு மேல், அரசே அரசிடம் வாங்கியது. 2018-ல் எச்பிசிஎல்லை 36,915 கோடிக்கு வாங்க ஓஎன்ஜிசி கடனுக்குப் போனதும் இதே கதைதான். பட்ஜெட்டில் பற்றாக்குறை குறைந்தது, பொதுத்துறை நிறுவனத்தின் ஏட்டில் கடன் ஏறியது. கூட்டிப் பார்த்தால் கடன் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு அம்பாந்தோட்டை. 2017-ல் இலங்கை அந்தத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்கு சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனத்திடம் கொடுத்து 112 கோடி டாலர் பெற்றது. கடனுக்காகத் துறைமுகத்தைச் சீனாவிடம் இழந்தார்கள் என்றுதான் பலரும் எழுதினார்கள். உண்மையில் அந்தப் பணம் துறைமுகத்தைக் கட்ட வாங்கிய கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கூட்டப் போனது. துறைமுகக் கடன் அரசுக் கருவூலத்தின் தலையில் அப்படியே நின்றது. துறைமுகம் போச்சு, கடன் போகலை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது எல்லாருக்கும் தெரிந்ததே.

இப்போது எங்கள் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய நிறுவனம். பங்குகளை விற்கும் முயற்சி 2006-ல் வந்தபோது திமுக எதிர்ப்பால் மன்மோகன் சிங் அரசு நிறுத்தி வைத்தது. 2013-ல் மறுபடியும் வந்தது. அப்போது சொன்ன காரணம் செபி விதி: பட்டியலிட்ட பொதுத்துறை நிறுவனத்தில் 10 சதவீதமாவது பொதுப் பங்கு இருக்கணும். மத்திய அரசிடம் இருந்ததோ 93.56. ஜூலையில் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமிழக அரசே வாங்கிக்கொள்கிறது என்றார் ஜெயலலிதா. டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து மாநில நிறுவனங்கள் 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடிக்கு வாங்கின. பங்கு ஒன்று 60 ரூபாய்.

அந்த வருட பட்ஜெட்டின் நிதிப் பற்றாக்குறை 5 லட்சம் கோடிக்கு மேல். 358 கோடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காகத்தான் ஒரு நகரியமே வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு 7 சதவீதம் போனது, அடிப்படை விலை 212 ரூபாய். மத்திய அரசின் பங்கு 79.2-லிருந்து 72.2 ஆனது. 60-க்கு விற்றது 212 ஆகிவிட்டதே என்று நான் புலம்பமாட்டேன். நடுவில் அது 60-க்குக் கீழேயும் கிடந்தது, பத்து வருட வட்டியும் இருக்கிறது. என் கேள்வி மூன்றாவது கேள்விதான்: விற்ற ஒவ்வொரு பங்குக்கும் வருடா வருடம் வந்திருக்கும் ஈவுத்தொகையை, விற்பனையை அறிவிக்கும்போது யாராவது சொன்னார்களா? வரவு மட்டும் தலைப்புச் செய்தியாகிறது, நின்றுபோகும் வருமானம் எந்தக் கட்டத்திலும் இல்லை.

கட்டத்தில் வராத இன்னொன்றும் உண்டு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு வேலையும் இழப்பீடும் தருவதாகச் சொன்ன வாக்கு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது, அந்த வாக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாருக்கும் தெரிந்தது. உரிமையாளர் அரசாக இருக்கும்போதே இப்படி. கைமாறிய பிறகு அந்தப் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனியின் கடனாகவும் எழுதப்படாத, அரசின் கடனாகவும் எழுதப்படாத கடன் அது.

பேருந்துக்கோ படகுக்கோ கடன் ஏறுவது, கட்டணத்துக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியால். வருடா வருடம் அந்த இடைவெளி வரும். துறைமுகத்தையோ ஒருமுறைதான் விற்க முடியும். இடைவெளியை யார், எப்படி நிரப்புவது என்ற பதில் இல்லாமல் செய்யும் விற்பனை, அடுத்த கடன் வரும்வரை நாலைந்து வருடம் வாங்கித் தரும். அவ்வளவுதான். அடுத்த தடவை இப்படி ஒரு அறிவிப்பு வந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.