'பயனாளி' என்னும் கதாபாத்திரம்

மலையகத்தைப் பற்றி இன்று எழுதப்படும் உரைநடையில் கணிசமான பகுதியை எழுதுவோர் எழுத்தாளர்கள் அல்லர். அந்நிய நிதியில் இயங்கும் உதவி ஸ்தாபனங்களே எழுதுகின்றன. நிதி தந்த தூதரகத்துக்கு அவை அனுப்பும் அறிக்கைகளில் 'வெற்றிக் கதை' என்றொரு பகுதி தவறாது இடம்பெறும். நமது விமர்சகர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும் என்பது என் கட்சி.

அக்கதையின் அமைப்பு மாறுவதேயில்லை. பதுளைத் தோட்டமொன்றில் ஒரு பெண். அவளுக்குப் 'பயனாளி' என்று பெயர். அவள் வறியவள். ஏன் வறியவள் என்று கதை கேட்பதில்லை. தையல் இயந்திரமோ கூரைத் தகடோ வருகிறது; அவள் புன்னகைக்கிறாள்; படம் பிடிக்கப்படுகிறது. கதையில் துரை இல்லை, கம்பனி இல்லை, நாட்சம்பளம் இல்லை, கூடையில் கிடந்த கொழுந்தின் நிறையும் இல்லை. யாரையும் நோகச் செய்யாத இக்கதையை எவர்தாம் விரும்பமாட்டார்?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. உதவி யாவும் அந்நியச் சதி என்று முழங்கும் இனவாதிகளோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. 1890இல் தம்பேதன்னையை வாங்கிய லிப்டனின் பெயரால் ஹப்புத்தளை மலைமுகட்டை அழைத்து உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதில் அவர்களுக்கு அந்நியம் தெரிவதில்லை. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வரும்போதுதான் தெரிகிறது! குழாய் வேண்டும். அதைத் தூதரகம் ஏன் போடவேண்டியதாயிற்று என்பதே கேள்வி.

விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. பறிபோன உரிமை 1988இலும் 2003இலும் இயற்றிய சட்டங்களால்தான் முழுமையாகத் திரும்பிற்று. திரும்பியும் என்ன? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செல்லத் தடையாய் நின்றது. வாக்களிக்கலாம், வாக்களித்துத் தெரிந்த சபை லயத்துக்குப் பாதை போட முடியாது. 2018இல்தான் இது திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு அரசாங்கம் நுழையாத வாசலில் தூதரகம் நுழைந்ததில் வியப்பென்ன?

ஆனால், தூதரகம் வந்த வழியே போகவும் வல்லது. ஊவாவின் மொனராகலை மாவட்டத்தில் 1984 முதல் நீண்டகாலம் கிராம அபிவிருத்திக்குப் பணம் தந்தது நோர்வே. 2023இல் அந்நாடு கொழும்பிலுள்ள தன் தூதரகத்தையே மூடிவிட்டது. சுவீடன் 2010இலேயே மூடிற்று. 2025இல் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் யூ.எஸ்.எயிட் கலைக்கப்பட்டது. கொடுத்தவன் கையை இழுத்துக்கொண்டால் வழக்காட நீதிமன்றம் ஏது?

இந்தியாவின் உதவி இன்னும் சிக்கலானது. உறவும் அதில் கலந்திருக்கிறது. 1947இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்றுப் படித்த ஆசிரியர்கள் இதைப் படிப்போரிடையேயும் இருக்கக்கூடும். அந்நன்றியை நான் குறைத்துப் பேசேன். மத்திய, ஊவா மாகாணங்களுக்கு 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எட்டாண்டு கழித்து, 2025 அக்டோபரில், பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கும் விழா நடந்தது. மேடையில் ஜனாதிபதியும் இந்திய உயர் ஸ்தானிகரும் வீற்றிருந்தனர். இந்நாட்டுப் பிரஜை தன் வீட்டுப் பத்திரத்தைப் பெறும் வேளையில் அயல்நாட்டுப் பிரதிநிதி மேடையில் இருப்பது நமக்கு ஏன் விசித்திரமாகப் படுவதில்லை?

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மண்சரிந்து லயங்களை மூடிற்று. அம்மலை ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கினர்; பூனாகலையில் புது வீடுகள் கிடைக்க இரண்டாண்டு சென்றது. எச்சரிக்கையைக் கையில் வைத்திருந்தவர் யார், மக்களை இடம்பெயர்க்க நிலம் கொடுக்காதவர் யார் என்னும் கேள்விகள் எந்த வெற்றிக் கதைக்குள்ளும் அடங்கமாட்டா.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டுமென்று தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2021இல்தான் சம்பள நிர்ணய சபை அதனை விதித்தது. அப்போராட்டத்தில் தெருவில் நின்றவளும் அறிக்கையில் புன்னகைப்பவளும் ஒருத்தியே. அடுத்த அறிக்கையில் அவளுடைய படத்துக்குக் கீழே அம்மாதத்துச் சம்பளச் சீட்டையும் அச்சிடட்டும்: எத்தனை நாள் பேர் போட்டார்கள், எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு பிடித்தார்கள் என்பது அதில் இருக்கும்.