நெளிகோடு சொல்வதெல்லாம் பிழையா?

வகுப்பில் பைத்தான் எழுத விஷுவல் ஸ்டூடியோ கோட் பயன்படுத்துகிறீர்களா? அதன் பைத்தான் நீட்சியை நிறுவினால், பைலான்ஸ் என்ற சோதிப்பானும் கூடவே வரும். நீங்கள் தட்டச்சு செய்யும்போதே வரிக்குக் கீழே நெளிகோடு போட்டுப் பிழையைக் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் அது சொல்வதையெல்லாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். 'இஃப்' வரியின் முடிவில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டால், அந்த நொடியே சிவப்புக் கோடு வரும். 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய 'லின்ட்' சோதிப்பானைத் தனியாக ஓட்டித்தான் பிழைகளைப் பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி.

சிக்கல் எங்கே? உங்கள் நிரல் வேறொரு நூலகத்தை நம்பியிருக்கும்போதுதான். மாணவர் தன் திட்டத்துக்கென்று தனிச் சூழல் உருவாக்கி, அதில் 'நம்பை' நூலகத்தை நிறுவியிருக்கிறார். எடிட்டரோ கணினியில் உள்ள பொதுப் பைத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உடனே 'நம்பை' இறக்குமதி வரியில் மஞ்சள் கோடு. அந்தச் சூழலில் ஓட்டினால் நிரல் ஒழுங்காக ஓடும்! ஆனால் மாணவர் என்ன செய்வார்? "ஐயோ, தப்பு பண்ணிட்டேன்" என்று சரியான வரியை அழித்துவிடுவார்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 2007-இல் ஈமாக்ஸ் 22-உடன் வந்த 'ஃபிளைமேக்', சி நிரலைச் சோதிக்க மேக்ஃபைலில் அதற்கென்று ஒரு தனிப் பகுதியை எதிர்பார்த்தது. திட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே சோதிப்பானுக்குத் தெரியும்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. கோடு இல்லை என்றால் நிரல் சரி என்று நினைப்பது. இரண்டு மதிப்பெண்களின் சராசரிக்கு 60 + 80 / 2 என்று எழுதிப் பாருங்கள். கோடு வராது, விடை 70-க்குப் பதிலாக 100 வரும். அடைப்புக்குறி விட்டுப்போனது தருக்கப் பிழை. 'இன்புட்' தரும் சரத்தோடு 5-ஐக் கூட்டினால், பைலான்ஸின் இயல்பான அமைப்பில் அங்கேயும் கோடு வராது. ஓட்டும்போதுதான் நிரல் நின்றுபோகும். அது இயக்க நேரப் பிழை. தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்டால், நெளிகோடு உங்களுக்கு விடை சொல்லாது.

ஆசிரியர்களே, கருவியை ஒதுக்க வேண்டாம். மூன்று பழக்கங்களை மட்டும் முதலில் கற்றுக்கொடுங்கள்.

1. தனிக் கோப்பை அல்ல, திட்டத்தின் முழுக் கோப்புறையைத் திறப்பது. பிறகு திரையின் கீழ்ப் பட்டையில் சரியான பைத்தான் தேர்வாகியுள்ளதா என்று பார்ப்பது.

2. கோட்டின் மேல் சுட்டியை வைத்துச் செய்தியை முழுதாக வாசிப்பது. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது வேறு, "தவறு" என்பது வேறு.

3. கோடே இல்லாத நிரலையும் ஒருமுறை தாளில் டிரேஸ் டேபிள் போட்டுச் சரிபார்ப்பது.

மாணவர்களே, சோதிப்பானுக்குக் காட்டியதுதான் தெரியும். நிரல் என்ன செய்ய வேண்டும் என்பது அதை எழுதும் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் வரியை அழிக்கும் முன், கோடு ஏன் வந்தது என்று கேளுங்கள்.