அண்ணாவியார் விட்டுச்சென்ற சொத்து

அமெரிக்கக் கிராமிய இசையின் முன்னோடிகளெனக் கார்ட்டர் குடும்பத்தினர் போற்றப்படுகின்றனர். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் அம்மூவரும் பாடியவை இசைத்தட்டில் ஏறின. மேபெல் கார்ட்டரின் கிற்றார் வாசிப்பு பின்வந்தோருக்குப் பாடமாயிற்று. அப்பெருமை தகும். ஆயினும், ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது, உடன்சென்று மெட்டுகளை நினைவிற்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். திரட்டிய பாட்டுகள் பலவற்றின் உரிமையோ கார்ட்டரின் பெயரிலேயே பதிவாயிற்று.

கலைச்செல்வம் எவருக்குரியது என்னும் இவ்வினா நமக்கும் உரியதே. பழுகாமம் முதலான படுவான்கரை ஊர்களில், வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஆட்டமும் தாளக்கட்டும் ஏடு பார்த்துக் கற்பவையல்ல. அண்ணாவியார் மத்தளம் கொட்டிப் பழக்க, உழைக்கும் மக்கள் இரவிரவாகப் பயின்று களரியில் ஆடுபவை. தந்தைவழி மகனுக்கு வரினும் ஊருக்கே பொதுவான இச்சொத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை.

1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக்கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். கூத்தின் மறுமலர்ச்சியில் அவர் பணி பெரிது. அம்மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். ஆசிரியர்களே, வகுப்பறையில் இவ்விரு பெயர்களையும் ஒருங்கே சொல்லுங்கள். மக்களிடம் பெற்றதை மக்கள் பெயராலேயே வழங்குவதுதான் நேர்மையான கலைவரலாறு.