எல்லவில் இறங்காதீர்கள்!

இலங்கைக்குச் சுற்றுலா போகிற நம் ஊர்க்காரர்கள் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறுகிறார்கள். ஹட்டன், நானுஓயா என்று வழியெல்லாம் படம் எடுத்துத் தள்ளுகிறார்கள். எல்ல வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஐயா, அம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இறங்காதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். தண்டவாளம் தீர்ந்துபோகிற ஊர் வரைக்கும் போங்கள். அதுதான் பதுளை!

எல்லவில் இறங்குவது எதற்காக? ஒன்பது வளைவுப் பாலத்துக்காக. 1921இல் இரும்பே சேர்க்காமல் கல், செங்கல், சிமெண்ட் மட்டும் வைத்துக் கட்டிய பாலம். அழகோ அழகு, மறுக்கவில்லை. ஆனால் அது இருப்பது எல்லவைத் தாண்டி! இறங்கியவர்கள் வியர்க்க விறுவிறுக்க நடந்து, காத்துக் கிடந்து, பாலத்தில் ரயில் போவதைப் படம் பிடிக்கிறார்கள். நானோ அந்த ரயிலுக்குள்ளேயே இருந்தேன், கையில் சுடச்சுட இஸோ வடையோடு. தட்டைப் பருப்பு வடையின் தலையில் இறாலைத் தோலோடு பதித்துப் பொரித்து எடுப்பார்கள். விற்றவர் அதை மடித்துத் தந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். பின்னம் வகுத்தலில் பத்துக்கு எட்டு. வாத்தியாரின் சிவப்பு மையில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. வெளியே நின்று கையசைத்தவர்களுக்கு வாய் நிறைய வடையோடு நானும் கையசைத்தேன்.

பாலம் முடிந்ததும் ஜன்னலை விட்டுவிடாதீர்கள், அடுத்து தெமோதரை. ஸ்டேஷனில் ரயில் நின்று கிளம்புகிறது. மலையைச் சுற்றி வளைந்து இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில், நாம் விட்டுவந்த அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது! டாட்டா காட்டி அனுப்பிய ஸ்டேஷன் மாஸ்டரின் காலடியிலேயே நாம் போய்க்கொண்டிருக்கிறோம். சரிவு தாங்காத இடத்தில் பாதையை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் விமலசுரேந்திர மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாராம். அப்போது தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். பிறந்தது யோசனை! இது ஊரில் சொல்லும் கதை. ஏட்டில் இருக்கிறதா என்று நான் தேடப் போவதில்லை, எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

1924இல் ரயில் பதுளையைத் தொட்டது, அதோடு நின்றுவிட்டது. நுவரெலியாக் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டரோடு போனால் இங்கே அவிழ்த்துவிட வேண்டியதுதான். இதமான வெயில். எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்தாலும் நமுனுகுலை மலைத்தொடர் கண்ணில் படுகிறது. ஊரோ சின்ன ஊர், சரித்திரமோ மூட்டை மூட்டையாக! புத்தர் கால் பதித்ததாகச் சிங்கள மக்கள் நம்பும் பதினாறு புனிதத் தலங்களில் ஒன்றான முதியங்கன விகாரை இங்கேதான் இருக்கிறது. கதிர்காமத் தேவாலயம் என்று நம் முருகனுக்கும் ஒரு கோயில். பழத்தட்டு ஏந்தி சிங்களக் குடும்பங்கள் வரிசையில் நிற்க, நடுவில் நானும் பட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளைக்காரத் துரை, மேஜர் ரோஜர்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் பதுளையை ஆண்டவர், ரோடு போட்டவர். அதோடு ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டுத் தள்ளியவர் என்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவர் நினைவாகக் கட்டியதுதான் செயின்ட் மார்க்ஸ் தேவாலயம். உள்ளே அவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. யானைகளுக்கு எங்கேயும் ஒரு கல் இல்லை. எனக்கு இடியின் பேரில்தான் மரியாதை வந்தது.

துன்ஹிந்த நீர்வீழ்ச்சியை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். 64 மீட்டர் உயரம், பார்த்தேன், நனைந்தேன், நன்று. நான் கத்திச் சொல்ல விரும்புவது ஹாலிஎல பக்கம் இருக்கும் போகொடப் பாலத்தை. ஓடு வேய்ந்த கூரையோடு, முழுக்க மரத்தால் ஆன பாலம், ஓடைக்கு மேலே வீட்டுத் திண்ணைபோல நிற்கிறது. சில நூற்றாண்டுப் பழசு. பலகையில் செருப்பில்லாமல் நடந்தேன், கைப்பிடிக் கிராதியின் கடைசல் வேலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லவின் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான். (இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எல்லாரும் ஒரே நாளில் போய்விடாதீர்கள்.)

பதுளை பஜாரில் என்னைத் திக்குமுக்காட வைத்தது தமிழ்தான். நான் திருச்சிக்காரன். தேநீர்க் கடையில் பிளேன்டி ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர், என் பேச்சைக் கேட்டதும், "எந்தப் பக்கம் தம்பி?" என்றார். சொன்னேன். "எங்க தாத்தா முசிறிப் பக்கம்னு சொல்வாங்க. நான் பாத்ததில்ல. காவேரில இப்ப தண்ணி வருதா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! கடல் தாண்டி வந்த இடத்தில் காவிரியை விசாரிக்கிறார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அங்கிருந்து பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டங்களுக்குள் போய்விட வேண்டும். தெல்பெத்தை என்று ஒரு தோட்டம், நம் இலக்கிய வாசகர்களுக்கு அது தெளிவத்தை. அங்கே ஆசிரியராக இருந்த எழுத்தாளர் ஜோசப் அந்தப் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப் ஆனார். புத்தக அட்டையில் மட்டும் பார்த்த பெயர் கண்ணெதிரே பச்சைப் பசேலென்று மலையாகக் கிடந்தால் எப்படி இருக்கும்! ஆனால் பச்சைக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், தலைமுறை தலைமுறையாக அதே கூரை. காணி உரிமைக்கும் நியாயமான கூலிக்கும் போராட்டம் இன்னும் ஓயவில்லை. 2023இல், நம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் தங்கள் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். படம் எடுப்பதற்கு முன் கொழுந்து பறிக்கும் அக்காக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போவதானால் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் போங்கள். தென்மேற்குப் பருவமழை மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட, இந்தப் பக்கம் வறண்ட கச்சான் காற்று மட்டும் வீசுகிற காலம். காற்றில் வாடும் கொழுந்தில்தான் பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துத் தேயிலைக்கே உரிய அந்த வாசனை ஏறுகிறது. தொழிற்சாலையில் டீமேக்கர் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் எடுத்து "சர்ர்ர்" என்று உறிஞ்சிக் காட்டினார். நானும் உறிஞ்சினேன். அடேயப்பா! புதினாவும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை, தொண்டையில் ஜில்லென்று ஒரு குளுமை இறங்குகிறது. பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. ரெண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். என் மாமியார் அதில் பாலை ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பத்து நிமிஷம் கொதிக்க வைத்துவிட்டார். மிச்சமிருக்கிற பாக்கெட்டை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.