நுண்செயலியைக் கற்பிக்கும் பழைய நிரல்கள்

கணினியின் உள்ளே நடப்பதை மாணவர்க்குக் காட்டவல்ல பழைய நிரல்களைத் தேடும் ஆசிரியர்கள் இன்றும் உளர். தேடத் தொடங்கியதுமே ஒரு சொல் அவர்களை இடறுகிறது. 'செயலி' என்பது கைப்பேசியில் ஓடும் நிரலையும் குறிக்கிறது. அதனை ஓட்டும் சில்லையும் குறிக்கிறது. 'நுண்செயலியைக் கற்பிக்கும் செயலி' என்றால் மாணவன் என்ன உணர்வான்? இக்குழப்பத்தை வளர்த்தவர்கள் நாமே. நிரலை 'நிரல்' என்றே சொல்லியிருக்கலாம்.

தேடுவோர்க்கு எளிதில் கிட்டுவது, ஸ்ரீதர் இரத்தினகுமார் 2003இல் எழுதிய 'குனுசிம் 8085'. இண்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8085 என்னும் நுண்செயலியைப் போலவே நடந்துகாட்டும் நிரல் அது. பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் பணி தொடங்கியது 1977இல். அதனினும் மூத்த சில்லை இன்னும் கற்பதா என்று நகைப்போர் உண்டு. ஆயின், தமிழகப் பொறியியற் கல்லூரிகள் பல்லாண்டுகள் அதனைப் பாடமாக வைத்திருந்தமை வீண் அன்று. அதன் உறுப்புகளை ஒரு மாணவன் மனத்தில் இருத்த முடியும்.

சான்றாக, 'ஏ' என்னும் பதிவகத்தில் 200ஐயும், 'பி'யில் 100ஐயும் வைத்துக் கூட்டச் சொன்னால், ஏயில் நிற்பது 300 அன்று, 44. எட்டு இருமக்கூறு கொண்ட பதிவகத்தில் 255க்கு மேல் அடங்காது. மிஞ்சிய 256ஐ அறிவிக்க ஒரு கொடி 1 என்று மாறுகிறது. கட்டளை கட்டளையாக நிறுத்தி இதனைக் காட்டுவதே இந்நிரலின் சிறப்பு.

குறையும் உண்டு. ஒரு தட்டலில் விளைவு தோன்றிவிடுகிறது. கட்டளை நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டதும், இன்ன கட்டளை என்று அறியப்பட்டதும் கண்ணுக்குப் படுவதில்லை. தொடக்க மாணவன் தெரிந்துகொள்ள வேண்டியதோ அதுவே.

இவ்வகையில் பெல் ஆய்வகம் 1968இல் வெளியிட்ட 'கார்டியாக்' இதனை விஞ்சி நிற்கிறது. ஹேகல்பார்கரும் பிங்கர்மனும் படைத்த அது வெறும் அட்டை. நூறு நினைவகக் கட்டங்கள், பத்துக் கட்டளைகள், மின்சாரம் இல்லை. அட்டைப்பூச்சி ஒன்றைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, கட்டளையைப் படித்து, பட்டையை இழுத்து, விடையைப் பென்சிலால் எழுதுபவன் மாணவனே. எடுப்பதும் அறிவதும் அவன் கையாலேயே நடைபெறுகின்றன. முதல் வாரம் அட்டை, பின்னர்க் குனுசிம் என்னும் முறையே வகுப்புக்குப் பொருந்தும்.

கிடைப்பதிலும் இவ்விரண்டுக்கும் இடரில்லை. குனுசிம்மின் மூலநிரல் திறந்தே இருப்பதால் பிறரும் அதனைப் பேண முடிகிறது. கார்டியாக்கின் அமைப்பைப் பார்த்து, கத்தரிக்கோலும் தடித்த அட்டையும் கொண்டு ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.